ஓர் இழை பின்னால்

என் செல்ல வாயாடி கோமதிக்கு,

நீ போய் ஆடித்தபசு ஒன்று கடந்துவிட்டது. ஊருக்குள் அதே கூட்டம், அதே நெரிசல். பெரியம்மா இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன். உன்னிடம் ஒரு சேதி சொல்லவேண்டும், கோபப்படாமல் கேள்.

போன மாதம் தறி ஷெட் அண்ணாச்சி கூப்பிட்டார். நீ நிரல் எழுதித் தறியில் மாட்டிய கன்ட்ரோல் போர்டைக் கழற்றப் போவதாகச் சொன்னார். "ஏம்மா செல்வி, கரண்டு போயி வந்தாப் போதும், பார்டர்ல பூவு ஒடையுது. பூவுக்கு நூல் தூக்குத பழைய டாபி மிஷினவே மாட்டிக்கிடுதேன். தப்பா நெனைக்காத." எனக்குச் சுருக்கென்றது. நீ கடைசியாக எழுதி முடித்தது அந்த ஒரு போர்டுதானே?

மறுநாளே ஷெட்டுக்குப் போனேன். உன் நிரலை வரி வரியாகப் படித்தேன். பூ டிசைன் முழுவதையும் ஒரு ஜெனரேட்டராக எழுதியிருந்தாய். கரண்ட் தருகிற ஜெனரேட்டர் இல்லை, நம் ஜெனரேட்டர்: கேட்டால் அடுத்த இழைக்கு எந்தெந்தப் பாவு நூல் தூக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே தூங்கிவிடும். மறுபடி கேட்டால் அங்கிருந்தே தொடரும். கரண்ட் போனாலும் மறக்காமலிருக்க பேட்டரியும் வைத்திருந்தாய். நிரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் பூ உடைகிறது?

நான் நின்றுகொண்டிருந்தபோதே கரண்ட் போனது. தறி ஓட்டும் ஈஸ்வரி அக்கா சக்கரத்தைக் கையால் பின்னால் சுற்றினாள். குறுக்கே பாதியில் நின்ற ஊடை இழையை உருவிப் போட்டாள். கரண்ட் வந்ததும் ஓட்டினாள்.

"எப்பவுமே இப்படித்தானாக்கா?"

"பொறவு? அரைகுறை இழைய உள்ள விட்டா சேலையில கோடு விழுமே. எல்லா ஷெட்லயும் இப்படித்தான் செய்யுதோம்."

பிடிபட்டுவிட்டது. தறி ஓர் இழை பின்னால் போகிறது. உன் ஜெனரேட்டருக்கோ முன்னால் போக மட்டும்தான் தெரியும். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கொடுக்காது. சக்கரம் மறுபடி சுற்றியதும் அது அடுத்த இழைக்குத் தாவியது, உருவிய இழை பூவில் விடுபட்டது.

நாம் இதற்குத்தானே சண்டை போட்டோம்? ஒவ்வோர் இடத்திலும் "இனி மிச்சமுள்ள வேலை இது" என்று கையில் பிடித்து வைத்துக்கொள், எந்த இடத்துக்கும் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி தொடங்கலாம், அதுதான் கன்டினியுவேஷன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ கேட்டாயா? "முன்னால போற வேலைக்கு எதுக்குட்டி பின்னால பாக்கணும்? நாலு வரியில முடிஞ்சிருது. சும்மா கெட." இப்போது என்ன சொல்லுவாய்? ஜெயித்தது நான்தான். வெறும் காற்றிடம் ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை, கோமதி.

சரிசெய்ய வேண்டுமானால் ஜெனரேட்டரையே எடுத்தாக வேண்டும். உன் கை பட்ட வரிகள். உன் எழுத்துப்பிழையோடு இருந்த குறிப்புகள் வேறு. டீயை ஆறவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுதும்விட்டேன். நீ இருந்திருந்தால், "அழிச்சித் தொலையேன், அங்கன தறி நிக்குது" என்று தலையில் குட்டியிருப்பாய்.

அழித்தேன். ஒவ்வோர் இழையிலும் எந்தப் பூ, அதில் எந்த இடம், இன்னும் என்ன மிச்சம் என்று போர்டு குறித்துக்கொள்ளும்படி எழுதினேன். பின்னால் சுற்றுவதை உணர ஒரு சென்சாரும் சேர்த்தேன். அடுத்து கரண்ட் போய் வந்தபோது ஈஸ்வரி அக்கா வழக்கம்போலச் சுற்றினாள், உருவினாள், ஓட்டினாள். பூ முழுசாக வந்தது. அண்ணாச்சி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பக்கத்துத் தறிக்கும் ஒண்ணு போட்டுருதியாம்மா?" என்றார்.

உன் போர்டு கழற்றப்படவில்லை. உள்ளே உன் வரி ஒன்றுகூட இப்போது இல்லை. அதற்கு அடுத்த வாரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருவர் அதைப் பார்க்க வந்தார். "இது யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்க கோமதி" என்றேன். யோசிக்கவே இல்லை.

இனி அந்தப் போர்டு எத்தனை தறியில் ஏறினாலும், யார் கேட்டாலும், அப்படியேதான் சொல்வேன்.

உன் சித்தி மகள்,
செல்வி