முகம் தெரிகிற வரை

சிறை மருத்துவப் பிரிவு
பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா உயிரோடு இருப்பதற்கு இந்தக் கையெழுத்தே சாட்சி. கோணலாக இருந்தால் மாத்திரையைத் திட்டு. உள்ளே போனால் கை உதறுகிறது. அதனால் டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுகிறேன்.

உன் அத்தான் முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தானே ஒருவன், அவனைச் சுத்தியலால் அடித்ததற்கு இங்கே கொண்டுவந்து போட்டார்கள். அது போகட்டும். நிஜ அத்தான் எங்கே? எழுபது வயதுக்கு மேல் பெண்டாட்டி ஜெயிலில் கிடக்கிறாள், எட்டிப் பார்க்க மனசு வரவில்லையா? பஸ் ஷெட்டில் பழைய மெக்கானிக்குகளோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பார். போய் இழுத்து வா.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

ஷெட்டுக்குப் போனேன். அத்தான் அங்கே இல்லை. அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாத்திரையைத் துப்பாதே. உனக்கு மனசு தெளிகிறவரை கேஸை எடுக்க மாட்டார்களாம். தெளிந்துவிட்டால், வியாதியில் நடந்தது என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். முன்னறையை ஒழித்துக் கட்டில் போட்டுவிட்டேன். "அண்ணி சீக்கிரம் வரட்டும், என் சமையலைக் குறை சொல்ல நீங்க ஒருத்தர் போதல" என்கிறாள் என் வீட்டுக்காரி.

எனக்காகவாவது போட்டுக்கொள் அக்கா.

தம்பி

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். உதறல் குறைந்திருக்கிறது.

போன வாரம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நான் அடிச்சது யாரை?"

அவர் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு என்ன தோணுதும்மா?"

கீழே கிடந்தவர் சட்டையின் காலர் கண்முன் வந்தது. நைந்துபோனதைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தவள் நான். அந்தத் தையலை வேறொருத்தி போட்டிருக்க முடியாது. "நான்தான்டி, என்னைப் பாருடி" என்றார். பார்த்துக்கொண்டேதான் அடித்தேன் தம்பி.

ஷெட்டில் போய் என்ன சொல்லித் தேடினாய்? நான் கேட்டால் நீ எதுதான் செய்ய மாட்டாய்.

கோர்ட்டுக்குப் போகிற அளவுக்குத் தேறிவிட்டேன் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அக்கா

ஜூலை 11

அக்கா,

"அப்ப அவர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்று சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட. "தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாய். வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். வியாதியில் நடந்தது என்று டாக்டரம்மா சொன்ன சாட்சியும் எடுபடவில்லை. ஆயுள் தண்டனை என்று கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ நேராக நின்றாய்.

இப்போது உன்னை மாற்றியிருக்கும் பெரிய சிறையில் மனநல டாக்டரே இல்லையாம். மாத்திரை கொடுக்கிறார்களா? அப்பீலுக்கு இன்னும் வழி இருக்கிறது. பார்க்க அனுமதி கிடைத்ததும் கடையை அடைத்துவிட்டு மனுவை நானே கொண்டுவருகிறேன். கையெழுத்துப் போடு. உன் காலில் விழுகிறேன்.

தம்பி

செப்டம்பர் 2

என் கண்ணு தம்பிக்கு,

போட மாட்டேன். வியாதி செய்தது என்றால் வியாதியையா பிடித்து உள்ளே போடுவார்கள்? அவர் சாவுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டாமா?

கூடக் கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. கேட்டால் தலைவலி மாத்திரை தருகிறார்கள். "வயசானா அப்படித்தான் பாட்டி" என்கிறார்கள். நேற்று சாப்பாடு கொண்டுவந்த வார்டர் தினமும் வருகிறவள்தான். ஆனால் அந்த முகம் அவளுடையதாக இல்லை. பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

நீ வராதே. மனுவோடும் வராதே, சும்மா பார்க்கவும் வராதே. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ வந்து நிற்க, யாரோ எவனோ என்று நான் உன்னைப் பார்க்கிற நாள் வேண்டாம். இதை எழுதும்போது நீ நீயாகவே தெரிகிறாய். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா