பின்சீட்டுக்காக ஒரு வேலை

அண்ணா,

அப்பாவின் பழைய கார், பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தடதடவென்று ஆடும். "பேரனை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும், பின்னாடி உக்காந்தா குலுங்கக் கூடாது" என்று அவரே அடியில் படுத்து, அதிர்வைத் தாங்கும், நைந்துபோன ரப்பர் புஷ்களைத் தட்டிக் கழற்றிப் புதியது பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். விரல் நசுங்கியும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் பையனைக் கூட்டிப்போக உன் வாசலுக்கு வந்தோம். "சார் வீட்ல இல்லீங்க" என்றார் காவலாளி. மாடி ஜன்னலில் நீ திரையை இழுத்ததை இருவருமே பார்த்தோம்.

திரும்பும் வழியெல்லாம், பள்ளத்தில் இறங்கியும் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம், "வெளியூர் போயிருக்கானாம், பாவம், வேலை" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அம்மா போன் பண்ணினால் நீயும் அதையே சொல். அப்பாவுக்கு அந்த மரியாதையாவது கொடு.

தங்கை