முற்றத்துக் கொடியில் பச்சைச் சட்டை

இஞ்சாருங்கோ,

நாளைக்கு உங்களுடைய ஆட்டைத்திவசம். ஐயருக்குக் கொடுக்க வைத்திருந்த வேட்டியை எடுக்க றங்குப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தப் பச்சைச் சட்டை. எடுத்து முகர்ந்தேன். ஒரு வருசமாகியும் உப்பு மணம் போகவில்லை.

ஊர் உதைபந்தாட்டக் கழகத்துப் பொடியள் தந்த சட்டை. ஒரு பந்தாட்டமும் விடாமல் பார்க்கிறவர் என்று முதுகில் உங்கள் பெயரையும் அடித்துக் கொண்டுவந்தார்கள். நீங்கள் அதை மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போதுதான் போட்டீர்கள். கரை தட்டமுன்னம் கழற்றிச் சுருட்டிவிடுவீர்கள்.

"குசினிக்குப் பின்னாலை காயப்போடு. றோட்டுப் பக்கம் வேண்டாம்."

"ஏன், மீனுக்கு மட்டும்தான் காட்டுறதோ?"

"மீன் ஒண்டும் கேளாது."

சிரித்தோம். ஆனால் உங்களுக்குப் பயம் இருந்தது. அயலூர் மைதானத்தில் நடந்த சண்டையில் அடித்தவர்கள் எங்கள் பொடியள் மூன்று பேர்தான். பெயர் கெட்டது பச்சைச் சட்டை போட்ட எல்லாருக்கும். பஸ்ஸில்கூடச் சனம் தள்ளி நின்றது. அந்த நேரத்தில்தான் மூத்தவளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்து இருந்த உடனேயே கேட்டார்: "உந்தப் பச்சைச் சட்டைக் கூட்டத்திலை தகப்பனும் நிக்கிறவரோ?"

"நான் பந்து பாக்கப் போறனான். கூட்டத்தோடை சேரமாட்டன்" என்றீர்கள்.

முழுப் பொய்யில்லை. ஆனால் வந்தவர்கள் இருக்க எங்களுக்காக இரவல் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்த கழகத்துக் கப்டன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மிச்சக் கதிரைகளையும் இறக்கிவிட்டுப் போனான். அன்றிரவு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

கலியாணம் நடந்தது. நீங்கள் மட்டும் தூரத்துக் கோல்கம்பத்துக்குப் பின்னால், குடையோடு தனியே நிற்கத் தொடங்கினீர்கள். கோல் விழுந்தால் அவர்கள் கத்துவார்கள். நீங்கள் சால்வையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றுவீர்கள். "அண்ணை, அங்காலை நிண்டாலும் கோல் எங்கடைதான்!" என்று கப்டன் கூப்பிடுவான். குடையை ஒருக்கால் உயர்த்திக் காட்டுவீர்கள்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன அன்று பந்தல் போட்டது அவர்கள்தான். தேத்தண்ணி கொடுத்ததும் அவர்கள்தான். கப்டன் என்னிடம் வந்து குனிந்து கேட்டான்:

"அக்கா, கண்ணீர் அஞ்சலி பனர் அடிக்கிறம். கீழை கழகத்தின்ரை பேர் போடலாமோ? அண்ணைக்கு விருப்பமில்லை எண்டு தெரியும். அதுதான் கேக்கிறன்."

மாப்பிள்ளையின் தாய், மகளின் மாமி, பக்கத்தில் இருந்தார். "பேர் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

சந்தியில் உங்கள் படத்தோடு பனர் கட்டினார்கள். கீழே வெறுமை. உங்களுக்காக அழுதவர்கள் யார் என்று அதில் இல்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வெளியே போனபோதுதான் அதைக் கண்டேன். அன்றிலிருந்து அந்த வெற்றிடம் என் கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் சொல்லைக் காப்பாற்றினேனா, மாமிக்குப் பயந்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இன்று சட்டையைக் கிணற்றடியில் மூன்று தண்ணீரில் அலசினேன். முற்றத்துக் கொடியில் போட்டேன், உங்கள் பெயர் றோட்டைப் பார்க்க. மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, மாமியாக்கள் இண்டைக்கே வருகினம். உதைப் பின்னாலை போடுங்கோ."

"காயட்டும் பிள்ளை."

"மாமி கேட்டால் என்ன சொல்லுறது?"

"அப்பாவின்ரை எண்டு சொல்லு."

கோபிக்காதையுங்கோ. சட்டையில் உப்புப் போய்விட்டது. என் கையில் இன்னும் மணக்கிறது.