உறவு என்ற கட்டத்தில் நீ போட்டது

இன்று காலை வைத்திக்குப்பத்தில் அஞ்சலையிடம் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது உன் பெயருக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது. நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் போன் நழுவி மீன் கூடைக்குள் விழுந்துவிட்டது. அஞ்சலைதான் எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். செதில் ஒட்டிய போன் கண்ணாடியில் படித்தேன். உன் விமான மைல் கணக்கின் பூட்டை எடுத்துவிட்டார்களாம். சகோதரி என்று நீ பதிந்தவர் இனி உன் மைல்களில் பயணம் செய்யலாமாம். அந்தச் சகோதரி நான்தான்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு?" என்றாள். சொன்னேன். அவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "என்னைய அத்தைன்னு போட்டு பிளேன்ல ஏத்தி உட்டுச்சே, அந்தக் கணக்கா?"

அதே கணக்குதான். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து பாரீசுக்கும் சென்னைக்குமாகப் பறந்து பறந்து நீ சேர்த்தது. அந்த மைல்களைக் கொடுத்து இலவச டிக்கெட் எடுக்கலாம், குடும்பத்தாருக்கும் எடுத்துத் தரலாம் என்பது கம்பெனி விதி. நீ உனக்கென்று ஒரு தடவைகூட எடுத்துக்கொண்டதில்லை. அஞ்சலையின் மகள் அங்கே பிள்ளை பெற்றபோது இவளை வரவழைத்தாய். அதற்கு முன்னும் பின்னும் இன்னும் யார் யாரையோ. "உனக்கு எத்தனை அத்தைடி, எத்தனை சித்திடி? கம்பெனிக்காரன் எண்ணிப் பாக்க மாட்டானா?" என்று கிண்டல் செய்வேன். "நான் அத்தைன்னுதானடி கூப்புடறேன்? அது எப்பிடிப் பொய்யாவும்?" என்பாய். முறை வைத்துக் கூப்பிடாத ஆள் நம் ஊரில் கிடையாது. அதை அப்படியே கொண்டுபோய்க் கம்பெனிப் படிவத்தில் போட்டவள் நீ ஒருத்திதான்.

பொய் என்றால் உனக்கு அவ்வளவு ஆகாது. காலேஜில் ஒரே ஒரு நாள் எனக்காக வருகைப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை நான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன் அப்பாவிடமிருந்து வந்தது அந்தப் பிடிவாதம். பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போடும் நாளில் அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டுதான் பேனாவைத் தொடுவார்.

சித்திரையில் நீ கூப்பிட்டாய். "என் மைல்ல டிக்கெட் போடறேன், இந்த மாசமே வந்துட்டுப் போடி." நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தை வைத்து விசாவும் வாங்கிவிட்டேன். "பாஸ்வேர்ட் தரேன், நீயே உள்ள போயி தேதி பாத்துப் போட்டுக்க" என்றாய். என் விரல்தான் தெரியுமே, மூன்று முறையும் தப்பாகத் தட்டினேன். கணக்கு பூட்டிக்கொண்டது. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இந்தியத் தொடர்புக்கு நீ கொடுத்திருந்தது என் நம்பர்.

"நீங்க அவங்களுக்கு யாரு மேடம்?"

"ஃப்ரெண்டுங்க. ஒண்ணாப் படிச்சோம்."

"இங்க சிஸ்டர்னு போட்டிருக்கே?"

"அது அவ சும்மா போட்டிருப்பா."

இதைத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். உறவை நிரூபிக்கும் வரை கணக்கு திறக்காது என்று சொல்லி வைத்துவிட்டாள். இதை நான் உன்னிடம் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். நீ சிரித்தாய், சிரிப்போடு இருமினாய். குளிரா என்றேன். ஆமாம் என்றாய். "சரி விடு, நான் பாத்துக்கறேன்" என்றாய். டிசம்பரில் நீயே வரப்போகிறாய், இப்போது என்ன அவசரம் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழுத்துச் சங்கிலியை விற்றாவது வந்திருப்பேனே பாவி!

அதற்குப் பதினேழாம் நாள் உன் மகள் கூப்பிட்டு நீ இல்லை என்றாள். எனக்குப் புரியவேயில்லை. முந்தின நாள்தான் ஜன்னலோரப் பூந்தொட்டியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். அது ஆஸ்பத்திரி ஜன்னலாம். நாலு மாதமாக அங்கேதான் இருந்தாயாம். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க ஆன்ட்டி. நேர்ல பாத்துச் சொல்லிக்கறேன்னாங்க." அன்று போட்ட உலையை இறக்க மறந்து, சோறு கரிந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

மீன் கூடைக்கு முன்னால் நின்றபடியே உன் மகளைக் கூப்பிட்டேன். கணக்கு எப்படித் திறந்தது என்று கேட்டேன். "அம்மா ஒரு லெட்டர் எழுதினாங்க ஆன்ட்டி. கடைசி வாரம். என்னைய தலையணை வெச்சு நிமித்தி உக்கார வெக்கச் சொன்னாங்க. நைட்டியோட எழுத மாட்டேன்னு நல்ல சட்டை போடச் சொன்னாங்க." கடிதத்தின் படத்தையும் அனுப்பினாள்.

அப்படிக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் எனக்கும் தெரியும். அத்தாட்சி இல்லாத விஷயத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இப்படி எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். பொய் என்று தெரிந்தால் தண்டனை உண்டு. என் அரைகுறைப் பிரெஞ்சிலேயே படித்துவிட்டேன், மொத்தம் ஒரே வரிதான். 'கீழே பெயர் குறித்துள்ள பெண் என் சகோதரி என்று என் மானத்தின் பேரில் அறிவிக்கிறேன்.' அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே, கோணிக்கொண்டு போகும் உன் கையெழுத்து.

அடிப்பாவி. வருகைப் பதிவுக்குப் போட மாட்டேன் என்றாயே.

"கணக்குதான் தெறந்துடுச்சே, நீ போயி அத பொதச்ச எடத்தையாவது பாத்துட்டு வா" என்றாள் அஞ்சலை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் செத்தவள் கணக்குக்குள் நுழைந்து, அவளே தருவதுபோல் டிக்கெட் எடுத்தால் நீ என்னைச் சும்மா விட மாட்டாய். நீ இறந்ததை உன் மகள் இன்னும் கம்பெனிக்குச் சொல்லவில்லையாம். நானே சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் மைல்கள் எல்லாம் அழிந்துவிடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன். வேறொரு பெண் எடுத்தாள். விவரத்தைச் சொன்னதும் வருத்தம் தெரிவித்தாள். பிறகு அதே கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க அவங்களுக்கு யாரு மேடம்?"

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் நான்.

"அக்கா" என்றேன்.

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமாங்க."