உம்மணாவுக்கு ஏன் கோபம்

17 ஜனவரி 88, ஞாயிறு

மைனஸ் பதினாறு. ஜன்னலின் உள்பக்கமும் ஐஸ். ரீவி அன்ரெனாவில் கோட் ஹேங்கர் கட்டியது நான். இன்று படம் தெளிவு. அந்தப் பெருமை ஒருவருக்கும் விளங்கவில்லை.

கிரிக்கெட் இல்லாத நாடு, கிடைத்ததைப் பார்க்கிறோம். கிறிஸ்மஸிலிருந்து ஞாயிறு மத்தியானம் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சனலில் கூடைப்பந்து. விளையாட்டை விட அந்த நெட்டையனைத்தான் பார்க்கிறோம். தலையில் துவாய் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்குப் பலகையில் இருப்பான். எழும்பு என்றால் எழும்ப மாட்டான். வேறு அணிக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறானாம். எங்களோடு இருக்கும் ரவி வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. சுருக்கி உம்மணா.

இன்று அறிந்தது: ஆளை விற்பதில்லை, மாற்றுவார்கள். ஒருவனைக் கொடுத்து இரண்டு பேர். அல்லது, அடுத்த வருடம் வரப்போகும் புதுப் பெடியன் ஒருவனை எடுக்கும் உரிமை. அவன் யார் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத ஒருவனுக்கு இந்த ஏழடி மனிதன் சமனா? பாலா அண்ணையிடம் மூன்று தரம் கேட்டேன். "உனக்கேன் உந்த ஆராய்ச்சி" என்றார். அபார்ட்மென்ற் அவர் பெயரில். தர்க்கத்தில் கடைசிச் சொல்லும் அவருடையது.

ரவி கட்சி: முகத்தை நீட்ட நீட்ட மதிப்புக் குறையும், இன்றே தள்ளிவிட வேண்டும். அண்ணை கட்சி: திறமை இருக்கிறது, குணம்தான் சரியில்லை. எனக்குக் கட்சி இல்லை. கோபம் ஏன் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

சோறு, கணவாய்க் கறி. யோகன் சமையல். அருமை.

20, புதன்

பஸ் இருபது நிமிடம் பிந்தி. கால் விரல் விறைத்தது. வாங்க: சவர்க்காரம், முத்திரை, பெரிய காலுறை.

தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வெள்ளைக்காரக் கிழவர் விளையாட்டுப் பக்கம் தந்தார். அதிலும் உம்மணா. முழுப் பக்கமும் அவன் மதிப்பு என்ன, யாருக்கு யாரை மாற்றலாம் என்றுதான். ஏன் கோபம் என்று ஒரு வரி இல்லை. கிழவரைக் கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

இன்னொன்று. என் அறையில் படுக்கும் யோகன் இரண்டு கிழமையாகக் கதைப்பதில்லை. ஓம், இல்லை, அவ்வளவுதான். வந்த முதல் நாள் தன் கையுறையைக் கழற்றித் தந்தவன். காரணம்:

1. மட்டக்களப்பிலிருந்து கடிதம் இல்லை (ஆனால் திங்கள் ஒன்று வந்தது)
2. குளியலறைச் சண்டை (அது ரவியோடு, முடிந்தது)
3. அவன் ஊர் வழக்கில் "என்ன கா" என்பதை நாங்கள் பழிப்புக் காட்டுவது

மூன்றாவதாக இருக்கலாம். நானும் செய்திருக்கிறேன்.

24, ஞாயிறு

பனி கொட்டுகிறது. உம்மணா நாலு நிமிடம் விளையாடினான், பிறகு துவாய்.

சமையல் முறைப்படி ஞாயிறு ரவி. கிறிஸ்மஸிலிருந்து "இண்டைக்கு மட்டும்" என்று யோகனின் புதனோடு மாற்றி மாற்றி, ஞாயிறு யோகனுடையதாகவே போய்விட்டது. புதன் ரவி வேலை செய்யும் கடையிலிருந்து பீட்சா வருகிறது. இன்றுதான் கவனித்தேன்.

பேச்சு உம்மணாவில் தொடங்கி வீட்டுக்கு வந்தது. ஆறாம் மாடிப் பெடியளுக்குச் சமைக்க ஆள் இல்லையாம். ரவி சொன்னான்: "எங்கட உம்மணாவை மேல குடுப்பம். அவங்களிட்ட கார் வைச்சிருக்கிற சந்திரனை எடுப்பம்." அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன், நன்றாகவே.

பின்னால் யோகன், தேத்தண்ணித் தட்டோடு. நாலு கோப்பையையும் மேசையில் வைத்தான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான்.

வெட்கமாக இருக்கிறது.

26, செவ்வாய்

யோகன் அண்ணையிடம் சொல்லிவிட்டான். சனிக்கிழமை ஆறாம் மாடிக்குப் போகிறான். "நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" "ஒண்டுமில்ல அண்ணன்."

நான் பக்கத்தில் நின்றேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். சப்பாத்துக் கயிறு கட்டினேன்.

30, சனி

வெயில், பிரயோசனமில்லாத வெயில். லிப்ற் பழுது. பெட்டியை நானும் பிடித்தேன். நாலாம் மாடியில் அடி பிய்ந்து சாமான் படியில். பொறுக்கினால், ஒரு படம். பத்துப் பன்னிரண்டு பெடியள், கையில்லாத பெனியன், நடுவில் யோகன். மடியில் கூடைப்பந்து.

அந்த அணியின் கப்ரனாம். அவன் ஊரில் பின்னேரம் ஆனால் சீமெந்துத் தரையைச் சுற்றி அவ்வளவு சனம் நிற்குமாம். யாழ்ப்பாணத்தில் இருந்த எனக்கு இது தெரியாது.

படியில் இருந்துகொண்டு சொன்னான்: "அஞ்சு ஞாயிறு நீங்க மூணு பேரும் பிழைபிழையாக் கதைச்சீங்க. ஒருத்தரும் என்னக் கேக்கல்ல."

உம்மணாவுக்கு ஏன் கோபம் என்று கேட்டேன். வெட்கம் கெட்ட ஆவல்.

"அவர் இடது கைக்காரர் கா. பந்த எப்பயும் வலப்பக்கமே போடுறாங்க. வாங்கித் திரும்ப முந்தி எதிர்ப் பக்கத்தாக்கள் மறிச்சிருவாங்க. பிறகு ஆடத் தெரியாதெண்டு இருத்தி வைக்காங்க."

அண்டைக்கு நானும் சிரித்தனான் என்றேன். தெரியும் என்றான்.

31, ஞாயிறு

மைனஸ் ஒன்பது. சோறு அடிப்பிடித்தது (ரவி). கறி என்று ஒன்று.

இடது கையை மட்டும் பார்த்தேன். யோகன் சொன்னது அப்படியே. பிறகு, யோகன் சமைக்கும்போது நிற்கும் குசினி வாசலில் போய் நின்று பார்த்தேன். அங்கே நின்றால் அரைவாசி ரீவிதான் தெரிகிறது. அரைவாசியில் இவ்வளவும் கண்டிருக்கிறான். அண்ணையும் ரவியும் குணம், மதிப்பு என்று அதே தர்க்கம். இடது கை பற்றிச் சொன்னேன். "ஆர் சொன்னது?" யோகன் என்றேன். ரவி சிரிக்கவில்லை. அண்ணை ரீவியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார்.

ஆட்டம் பாதியில் எழும்பி ஆறாம் மாடிக்குப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. ஹோலில் ஐந்து பேர், அதே ஆட்டம். உவனைக் குடுத்து ரண்டு பேரை எடுக்கலாம் என்று ஒருவன். யோகன் குசினியில், கையில் கத்தி, முன்னால் உருளைக்கிழங்கு.

கத்தியை வாங்கினேன். "நீ போய்ப் பார்."

நின்றான். "சின்னனா வெட்டு கா," என்றான். போனான்.

ஒரு கிழங்கு வெட்டி முடித்தேன். பிறகு அவன் குரல்: "அவரக் குடுக்கப்படாது. இடது கையப் பாருங்க." ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் கேட்டான், "ஏன் யோகன்?"

எட்டிப் பார்க்கவில்லை. கிழங்கு இன்னும் நாலு கிடந்தது.