கல்லடிப் பாலத்தை நடந்து கடந்த சம்பந்திகள்

தேற்றாத்தீவு
ஆவணி, 2010

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. மண்டூர் முருகன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, லண்டனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் வருங்கால மாமியும் மாமாவும் கொழும்பிலிருந்து வந்து போய்விட்டார்கள். கல்யாணத்தை இங்கே வைப்பதா, கொழும்பு மண்டபத்தில் வைப்பதா என்பதை ஊரைப் பார்த்துத்தான் சொல்வோம் என்றார்கள். கடலும் சண்டையும் இவ்வளவு கொண்டுபோன பிறகு எங்கள் வாசலில் ஒரு பந்தலைப் பார்த்துவிட வேண்டும் என்ற என் ஆசை உனக்குத் தெரியும். அதனால் ஒல்லாந்தர் கோட்டையையும் வெளிச்சவீட்டையும் காட்டி அவர்கள் மனதைப் பிடிப்போம் என்று மஜீட் ஓட்டும் வாடகை வானில் டவுனுக்குக் கூட்டிப்போனோம். கல்லடிப் பாலத்தடியில் வான் நின்றது. அப்பா இறங்கினார், நானும் இறங்கினேன், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்தோம். மஜீட் வெறும் வானை அக்கரைக்குக் கொண்டுபோய்ப் பின்கதவையும் முன்பக்கத்துப் பொனற்றையும் சோதனைக்காகத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். சண்டைக் காலம் முழுக்க எங்களை இறக்கி நடக்கவைத்த சோதனைச் சாவடியைப் போன மாதமே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது பாதிப் பாலத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. முளையில் கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டாலும் அன்று முழுக்க அதே வட்டத்துக்குள்தான் மேயும் என்று வகுப்பில் உதாரணம் சொன்னவள் நான்! திரும்பிப் பார்த்தால், மாமியும் மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற பாலத்தில் வெறுங்காலோடு வருகிறார்கள். "இது ஆருக்கு நேர்த்திக்கடன், சம்பந்தி?" என்று மாமி கேட்டார். அப்பா வெட்கத்தில், "மாமாங்கப் பிள்ளையாருக்கு" என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று நின்றது, அந்தச் சனமும் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டபடி வரிசையில் சேர்ந்தது. வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவன், "என்ன டீச்சர், ஆமிச் சென்றி எழும்பிப் போயித்து, நீங்க இன்னும் ஆருக்கு அட்டை காட்டப் போறீங்க?" என்று கத்தினான். அதோடு எங்கள் நேர்த்தி முடிந்தது.

கோட்டை வாசலிலும் அப்பா சோதனைக்குக் கையை உயர்த்தப் போனார், நான் பிடித்து இறக்கினேன். கல்யாணம் கொழும்புக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். மாமா அங்கே கிடந்த பீரங்கியைத் தட்டி, "ஒல்லாந்தன் போய் எவ்வளவு காலம், இது இன்னும் ஆரோ வருவான் எண்டு வாவியையே பாத்துக்கொண்டு நிக்குது, எங்களைப் போல" என்றார். அப்போதுதான் மாமி உள்ளங்கையை விரித்தார். உள்ளே அவருடைய அடையாள அட்டை, வியர்வையில் நனைந்திருந்தது. நேர்த்தி என்று நம்பிச் செருப்பைக் கழற்றினாலும் கை தானாகப் பைக்குள் போய்விட்டதாம், கொழும்பில் குப்பை கொட்டக்கூட அது இல்லாமல் வெளியே போனதில்லையாம். நாங்கள் சிரித்த சிரிப்பில் கோட்டைக்குள் இருக்கும் கச்சேரிக்கு அரசாங்க அலுவலாக வந்த சனம் யன்னலால் எட்டிப் பார்த்தது. "கலியாணம் இங்கதான் சம்பந்தி, ஆனா பொம்பிளையும் மாப்பிள்ளையும் பாலத்தில இறங்கக்கூடாது" என்றார் மாமி.

மாமாங்கப் பிள்ளையார் அப்பாவின் பொய்யைப் பொறுத்து உன்னையும் மாப்பிள்ளை சுலக்ஷனையும் காப்பாராக. டிக்கட் எடுத்ததும் திகதியை அறிவி. ஒன்றை மறவாதே மகள், பாலம் வந்ததும் அப்பா பழக்கத்தில் வான் கதவில் கை வைப்பார். அந்தக் கையை நீ பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திரு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சீதேவிப்பிள்ளை