வாள்வீராங்கனையின் முழங்கால்

மகனுக்கு,

அப்பாவின் வாள்சண்டை நாவல்களை மறுபதிப்புக்குத் திருத்தியிருக்கிறாய். வாள்வீராங்கனையின் மடங்காத இடது முழங்காலைச் சரியாக்கி, அவளைக் கூரைமேல் பறக்கவிட்டிருக்கிறாய். யாரைக் கேட்டாய்? அது என் முழங்கால்.

ஒவ்வொரு சண்டையையும் எழுதுமுன் அவர் என்னைச் சமையலறையில் நிறுத்திப் பார்ப்பார்.

"எங்க, இந்தக் காலோட திரும்பு பாப்போம்."

"விழுந்தா நீங்கதான் தூக்கணும்."

கரண்டியோடு நான் திரும்பிய விதம்தான் அவளுடைய வாள்வீச்சு.

"நொண்டியை யாரும்மா படிப்பாங்க?" என்று போனில் சிரித்தாய். பதினோரு நாவல்களில் எந்த எதிரியும் அவளை அந்தச் சொல்லால் அழைத்ததில்லை. அவர் அழைக்க விடவில்லை.

நீ அனுப்பிய மறுபதிப்பு ஒப்பந்தத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். அவர் எழுதியபடி அச்சிடு, அல்லது விட்டுவிடு. பேச வேண்டுமென்றால் நேரில் வா. நொண்டிக்கொண்டே வந்து கதவைத் திறப்பேன். அப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரி.

உன் அம்மா